பிஎஸ்5 வாங்குவதா, பிசி வாங்குவதா?

சோனியின் பெரிய கதை கேம்களை ஆட வேண்டுமென்றால் சோனியின் கன்சோலை, அதாவது டிவியில் செருகி ஆடும் பிளேஸ்டேஷன் பெட்டியைத்தான் (இப்போது பிஎஸ்5) வாங்க வேண்டும் என்ற நிலை 2020 வரை பெரும்பாலும் மாறவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்ட் 7-ஆம் தேதி 'ஹொரைசன் ஜீரோ டான்' பிசிக்கு வந்தது. அடுத்த ஆண்டே 'பிளேஸ்டேஷன் பிசி' என்று தனிப் பெயரில் சோனி ஒரு கம்பெனியை வைத்தது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் இருக்கும் நிக்சஸ் நிறுவனத்தையும் 2021 ஜூலையில் வாங்கிப் போட்டது. நிக்சஸ் 1999-இல் தொடங்கிய நிறுவனம். கன்சோல் கேமைப் பிசிக்கு மாற்றிக் கொடுப்பதே பல காலம் அவர்கள் பிழைப்பு. 'டூம் ரெய்டர்', 'டியூஸ் எக்ஸ்' எல்லாம் அவர்கள் கை பட்டவைதான்.

அதற்குப் பிறகு காரைக்குடியில் எங்கள் கம்ப்யூட்டர் கடையில் அதிகமாகக் கேட்கும் கேள்வி இதுதான்: அந்த கேம் எல்லாம் பிசிக்கே வருகிறதே, பிஎஸ்5 எதற்கு?

என் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம் காத்திருக்க மனசு வரும், வீட்டில் கம்ப்யூட்டருக்கு வேறு வேலையும் இருக்கிறது என்றால் பிசி. புது கேம் வந்த வாரமே ஆட வேண்டும், நாலு பேர் கூடத்தில் உட்கார்ந்து ஆடும் வீடு என்றால் பிஎஸ்5. பிசி விற்கிறவன் பிசியைத்தானே சொல்வான் என்று நீங்கள் நினைக்கலாம். கேட்டால் பிஎஸ்5-ம் வரவழைத்துத் தருகிறோம். இரண்டிலும் கிடைப்பது டீக்காசுதான்.

முதலில் காத்திருப்பைப் பார்ப்போம், ஏனென்றால் முடிவு பாதி அங்கேயே தெரிந்துவிடும். 'காட் ஆஃப் வார்' கன்சோலுக்கு வந்தது 2018 ஏப்ரல், பிசிக்கு வந்தது 2022 ஜனவரி. அதன் அடுத்த பாகம் 'ரக்னராக்' 2022 நவம்பரில் வந்து 2024 செப்டம்பரில் பிசியைத் தொட்டது. 'ஸ்பைடர்மேன் 2' பதினைந்து மாதத்தில் வந்தது. 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா' வர நாலு வருஷத்துக்கு இரண்டு மாதம் குறைச்சல். ஆகவே இடைவெளி சுருங்கிக்கொண்டே வருகிறது என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். பொதுவாகச் சுருங்கியிருக்கிறது, ஆனால் ஒழுங்காக இல்லை.

இதில் சோனி கணக்குப் போட்டுத்தான் நடக்கிறது. பலர் சேர்ந்து ஆன்லைனில் ஆடும் கேமுக்குக் கூட்டம் வேண்டும். அதனால் 'ஹெல்டைவர்ஸ் 2' 2024 பிப்ரவரி 8 அன்று இரண்டிலும் ஒரே நாளில் வந்தது. தனியாள் ஆடும் கதை கேமுக்கு வேறு கணக்கு. முதல் பாகத்தைப் பிசியில் ஆடி ருசி கண்டவன் இரண்டாம் பாகத்துக்குக் கன்சோல் வாங்க வருவான் என்பதுதான் எதிர்பார்ப்பு. சோனியின் கேம் பிரிவுத் தலைமையில் இருப்பவர்கள் 2024-இல் முதலீட்டாளர்களிடம் இதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். அதாவது, பிசிக்காரர்களுக்குக் கொடுக்கும் கேம் ஒரு வகையில் தூண்டில் புழு. தெரிந்தே கடிப்பதில் தவறில்லை, தெரிந்திருந்தால் சரி.

வராதவையும் உண்டு. 2015-இல் வந்த 'பிளட்போர்ன்' இன்றுவரை பிசிக்கு வரவில்லை. 'கிரான் டூரிஸ்மோ 7' வரவில்லை. ஆகவே உங்கள் வீட்டுப் பையன் உயிரை விடுவது கார் ரேஸுக்கென்றால், அதுவும் இந்த கேமுக்கென்றால், மேலே படிக்க வேண்டாம். பிஎஸ்5 வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

கன்சோல் கம்பெனி பிசிக்குக் கடை விரிப்பது புதுசும் இல்லை. செகா 1990-களிலேயே இதைச் செய்தது. என்விடியாவின் முதல் சிப்பான என்வி1, 1995-இல் வந்தபோது, அது இருந்த கிராபிக்ஸ் கார்டில் செகாவின் சாட்டர்ன் கன்சோலின் கன்ட்ரோலரைச் செருகவே இடம் இருந்தது. கூடவே 'வர்ச்சுவா ஃபைட்டர்' கேமும் வந்தது. அந்தக் கார்டு ஓடவில்லை. பிசி உலகம் வேறு பாதையில் போய்விட்டது. இன்று நிலைமை வேறு. பிஎஸ்5-இன் உள்ளே இருப்பதே ஏஎம்டியின் சிபியுவும் கிராபிக்ஸும்தான். பிசிக்குச் சொந்தக்காரப் பிள்ளை மாதிரி.

அப்படியிருந்தும் மாற்றுவது ஏன் சுலபமில்லை? பிஎஸ்5-இல் 16 ஜிபி நினைவகம் ஒரே தொட்டி. சிபியுவும் கிராபிக்ஸும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பிசியில் ரேம் தனி, கார்டின் மெமரி தனி. கேமைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டி-யிலிருந்து வரும் சுருக்கிய தரவை விரிப்பதற்கே பிஎஸ்5-இல் தனி வன்பொருள் இருக்கிறது. பிசியில் அந்த வேலை சிபியு தலையிலோ கார்டு தலையிலோ விழுகிறது. அப்புறம் ஷேடர், அதாவது ஒளியையும் நிழலையும் திரையில் எப்படி வரைவது என்று கார்டுக்குச் சொல்லும் சின்ன புரோகிராம். கன்சோல் உலகத்தில் எல்லாப் பெட்டியும் ஒன்றே என்பதால் அதைத் தயார்செய்தே அனுப்பிவிடுவார்கள். பிசியில் உங்கள் கார்டு வேறு, என் கார்டு வேறு. அதனால் உங்கள் மெஷினிலேயே சமைத்தாக வேண்டும்.

2023 மார்ச் 28 அன்று 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' முதல் பாகம் பிசிக்கு வந்த கூத்து இதற்குச் சாட்சி. கன்சோலுக்கு வந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை. நாட்டி டாக் நிறுவனமும் அயர்ன் கேலக்ஸியும் சேர்ந்து செய்த வேலை. ஷேடர் கட்டி முடிக்கவே பலருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. 8 ஜிபி கார்டு வைத்திருந்தவர்களுக்குச் சுவரும் தரையும் சேறு பூசின மாதிரி தெரிந்தது. மாதக்கணக்கில் பேட்ச், அதாவது திருத்தம், போட்டுத்தான் சரிசெய்தார்கள். இன்று அதே கேம் நன்றாக ஓடுகிறது.

அதனால் நான் பையன்களிடம் சொல்வது, கேம் பெயரைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் யார் மாற்றிக் கொடுத்தார்கள் என்பதையும் பார் என்று. நிக்சஸ் செய்த 'ஸ்பைடர்மேன் ரீமாஸ்டர்டு', 'ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்', 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா' மூன்றையும் பயப்படாமல் வாங்கலாம். 'காட் ஆஃப் வார்' இரண்டையும் மாற்றியது ஜெட்பேக் இன்டராக்டிவ். அதுவும் சுத்தமான வேலை. 'ஸ்பைடர்மேன் 2' மட்டும் நிக்சஸ் பெயர் போட்டும் முதல் வாரங்களில் பலருக்குக் கிராஷ் ஆனது. யார் செய்தாலும் வெளியான அன்றே வாங்காமல் ஒரு மாதம் பொறுப்பது பிசிக்காரனுக்கு நல்லது. ஏற்கெனவே இரண்டு வருஷம் காத்திருந்தவனுக்கு ஒரு மாதம் என்ன கேடு?

பணத்துக்கு வருவோம். பிஎஸ்5 இந்தியாவில் 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு வந்தது. டிஸ்க் இல்லாத மாடல் 39,990. அதற்குப் பிறகு விலை ஏறியதே தவிர இறங்கவில்லை. சலுகை நாட்களில் மட்டும் குறையும். பிசியில் இதே கேம்களை நிம்மதியாக ஆட ஆர்டிஎக்ஸ் 4060 தரத்தில் ஒரு கார்டு, 16 ஜிபி ரேம், 1 டிபி எஸ்எஸ்டி, நல்ல எஸ்எம்பிஎஸ் (உள்ளே மின்சாரம் கொடுக்கும் பெட்டி) வேண்டும். மானிட்டர் இல்லாமலே முக்கால் லட்சத்தில் தொடங்கும். 2025 கடைசியில் ரேம் விலை ஏறத் தொடங்கியதிலிருந்து கொட்டேஷனை நான் ஒரு வாரத்துக்கு மேல் பொறுப்பெடுத்துக் கொடுப்பதில்லை. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போகின்றன, இங்கே காரைக்குடி கழனிவாசலில் இருக்கிற பையன் அதற்குப் பணம் கட்டுகிறான்.

எஸ்எஸ்டி-யில் சிக்கனம் பார்க்காதீர்கள். 'ரக்னராக்' 190 ஜிபி கேட்கிறது. 'ஸ்பைடர்மேன் 2' 140 ஜிபி. விண்டோஸையும் சேர்த்தால் 512 ஜிபி-யில் இரண்டு கேமுக்கு மேல் மூச்சு முட்டும்.

கேம் விலையில் பிசி முந்துகிறது. 'ஸ்பைடர்மேன் ரீமாஸ்டர்டு' ஸ்டீம் என்ற பிசி கேம் ஆன்லைன் கடையில் வந்த விலை 3,999, 'காட் ஆஃப் வார்' 3,299. பிஎஸ்5-இல் புதுப் பெரிய கேம் 4,999 என்பது சாதாரணம். ஸ்டீமில் சம்மர் சேல், விண்டர் சேல் வந்தால் பாதிக்குப் பாதி கழியும். காசு கொடுத்து வாங்கிய கேமை ஆன்லைனில் ஆட பிஎஸ்5-க்குப் பெரும்பாலும் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா கட்ட வேண்டும், பிசிக்கு அந்தச் செலவு இல்லை. ஆனால் டிஸ்க் என்று ஒன்று இருக்கிறதே. ஆடி முடித்த டிஸ்கை விற்கலாம், தேவகோட்டையில் இருக்கும் சிநேகிதனுக்கு இரவல் கொடுத்து அவனிடம் வேறொன்றை வாங்கிக்கொள்ளலாம். இந்த ஊரில் அது நன்றாகவே நடக்கிறது. ஸ்டீமில் வாங்கிய கேம் உங்கள் கணக்கோடு சரி. டிஸ்க் இல்லாத பிஎஸ்5 மாடலை நான் யாருக்கும் சிபாரிசு செய்யாததற்குக் காரணம் இதுதான்.

இது வரைக்கும் நான் சொன்னது சென்னைக்கும் பொருந்தும், கோயம்புத்தூருக்கும் பொருந்தும். இனி சொல்வது நம் செட்டிநாட்டுப் பழைய வீடுகளுக்கு.

பழைய வீட்டில் இன்டர்நெட் ரௌட்டர் முகப்பில், அதாவது வாசல் பக்கத்தில் இருக்கும். ஒயர்காரர் தெருவிலிருந்து அங்கேதான் இழுத்து வைத்துவிட்டுப் போவார். பையன் ஆடுவது வளவு என்கிற நடு முற்றப் பகுதியைத் தாண்டி இரண்டாங்கட்டில். நடுவில் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய ஒன்றரை அடிச் சுவர் மூன்று நிற்கும். வைஃபை முதல் சுவரிலேயே பாதி செத்துவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இரண்டாவது சுவரைத் தாண்டினால் அதிசயம். இதற்கு மருந்து லேன் கேபிள்தான். கேட்6 ஒயர் 100 மீட்டர் வரை தாங்கும். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடுகளுக்கும் பெரும்பாலும் அது போதும். சுவரை ஓட்டை போட யாரும் சம்மதிக்க மாட்டார்கள், சம்மதிக்கவும் கூடாது. தாழ்வாரத்து உத்தரத்தை ஒட்டி, மின்சார ஒயர் போகும் வழியிலேயே கொஞ்சம் தள்ளிக் கொண்டுபோகலாம். பிஎஸ்5-க்கும் டெஸ்க்டாப்புக்கும் லேன் போர்ட் இருக்கிறது. மெலிசான லேப்டாப் சிலவற்றில் இல்லை, பார்த்து வாங்குங்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், பிசியில் எல்லாமே டவுன்லோடு. 190 ஜிபி கேமை முழு 100 எம்பிபிஎஸ் வேகத்தில் இறக்கினாலும் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சுவர் தின்றது போக 40 எம்பிபிஎஸ் கிடைத்தால் பத்தரை மணி நேரம். பிஎஸ்5-இல் டிஸ்க் போட்டால் பெரும்பகுதி டிஸ்கிலிருந்தே ஏறிவிடும், பேட்ச் மட்டும் நெட்டிலிருந்து வரும்.

அடுத்தது எர்த். இதைப் பற்றி எழுதுகிறவர்கள் யாரையும் நான் பார்க்கவில்லை. பீங்கான் கட்டையும் குமிழ் சுவிட்சும் இருக்கிற பழைய ஒயரிங்கில் மூன்றாவது ஒயரே இருக்காது. சுவரில் மூன்று துளைப் பிளக் மாட்டியிருப்பார்கள், மேல் துளைக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது. பிசி கேபினட் இரும்பு. எர்த் இல்லாத பிளக்கில் போட்டுவிட்டு, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வெறுங்காலோடு நின்று கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கும். எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கும் ஃபில்டரிலிருந்து கசிவது அது. ஆளை ஒன்றும் செய்யாது என்று சிலர் சொல்வார்கள், நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பிஎஸ்5 பிளாஸ்டிக் உடம்பு, இரண்டு முள் ஒயர், இந்தத் தொல்லை இல்லை. பிசி என்றால் ஒரு எலக்ட்ரீசியனை வைத்து அந்த ஒரு அறைக்காவது தனி எர்த் இறக்கிவிட்டுப் பிறகு வாங்குங்கள். கொட்டேஷனோடு இதையும் எழுதிக் கொடுக்கிறேன், பாதிப் பேர் கடைசி வரியை அடித்துவிட்டுத்தான் பேரம் பேசுகிறார்கள்.

இன்வெர்ட்டரில் ஆடலாமா என்று கேட்பார்கள். சைன் வேவ் இன்வெர்ட்டர் என்றால் கேமை சேவ் செய்து அணைக்கிற வரைக்கும் தாராளமாகத் தாங்கும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் இன்றைய எஸ்எம்பிஎஸ் முரண்டு பிடிக்கும், சில நேரம் கரகரவென்று சத்தம் போட்டு அணைந்தே போகும். பிஎஸ்5 ஆடும்போது ஏறத்தாழ 200 வாட் இழுக்கும். நான் சொன்ன பிசியும் மானிட்டரும் சேர்ந்தால் அதற்குக் கொஞ்சம் மேலே. மின்விசிறிகளும் அதே பேட்டரியில் ஓடுகின்றன என்பதை மே மாதத்தில் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்புத் தூள் உதிர்கிற அறையில் எதை வைத்தாலும் தூசி அடைக்கும். பிசியைத் திறந்து ஊதிச் சுத்தம் செய்ய எங்களை மாதிரி ஆட்கள் ஊரிலேயே இருக்கிறோம். பிஎஸ்5-இன் பக்கத் தகட்டைக் கழற்றித் தூசி உறிஞ்சுவது நீங்களே செய்யலாம். அதற்கு மேல் உள்ளே போகாதீர்கள், சிபியு மேல் திரவ உலோகம் பூசியிருக்கிறது. கை தவறினால் போர்டே போகும்.

போன மாதம் தேவகோட்டையிலிருந்து ஒரு அப்பாவும் மகனும் வந்தார்கள். மகன் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம்.

"அப்பச்சி, பிசின்னா கேட் (CAD) டிராயிங் வேலையும் அதுலயே செய்யலாம், புராஜெக்ட்டும் செய்யலாம்."

"புராஜெக்ட் செய்யத்தான் கார்டுக்கு முப்பதாயிரமா?" அப்பா என் பக்கம் திரும்பினார். "தம்பி, சிங்கப்பூர்ல இவன் அம்மான் இருக்காரு. பிஎஸ்5 வாங்கிட்டு வரவாங்கிறாரு. வாங்கிக்கலாம்ல?"

"வாங்கலாம் அண்ணே. ஆனா வாரன்டி அந்த ஊர்ல. ரிப்பேர்னா அம்மான்தான் திருப்பித் தூக்கிட்டுப் போகணும்."

வாரன்டியோடு வேறு சில விஷயங்களும் இருக்கின்றன. மின்சாரம் இரண்டு ஊரிலும் 230 வோல்ட், அதனால் அதில் சிக்கல் இல்லை, பிளக் மட்டும் வேறு. டிஸ்க் எந்த நாட்டில் வாங்கினாலும் ஓடும். ஆனால் கூடுதல் பகுதிகள், அதாவது டிஎல்சி, டிஸ்கின் நாட்டோடு உங்கள் பிளேஸ்டேஷன் கணக்கின் நாடும் ஒத்துப்போனால்தான் சேரும். கணக்கை ஒரு நாட்டில் திறந்துவிட்டால் பிறகு நாட்டை மாற்ற முடியாது. ஆகவே அம்மான் பெட்டியை மட்டும் கொண்டுவரட்டும். கணக்கு இந்தியாவில் திற, டிஸ்க் இங்கே வாங்கு. அந்தப் பையனுக்குப் படிப்பு இருக்கிறது, நாலு வருஷத்துக்கு ஒரு மெஷின் எப்படியும் வாங்கித்தான் ஆக வேண்டும். கல்லூரிக்கென்று ஒரு சாதாரண கம்ப்யூட்டரும் ஆட ஒரு பிஎஸ்5-ம் வாங்கும் காசைக் கூட்டிப் பார்த்தால், நல்ல பிசி ஒன்றைவிட அதிகம். அப்பாவே காகிதத்தில் கூட்டிப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிப் போனார்.

எல்லா வீடும் அப்படி இல்லை. சென்னையில் குடியிருந்துகொண்டு பொங்கல், படைப்பு (முன்னோருக்குப் படையல்), கல்யாணம் என்று மட்டும் வந்து கதவைத் திறக்கிற குடும்பங்கள் எத்தனை! அங்கே டெஸ்க்டாப்பை வைத்துவிட்டுப் போனால் அடுத்த முறை வரும்போது எலி ஒயரைக் கடித்திருக்கும். தூக்கிக்கொண்டு திரிய வேண்டும் என்றால் கேமிங் லேப்டாப் நியாயம்தான், அந்த ஒரு நியாயம் மட்டும்தான். அதே ஆர்டிஎக்ஸ் பெயர் போட்டிருந்தாலும் லேப்டாப் கார்டு டெஸ்க்டாப் கார்டின் வேகத்தைத் தராது, சத்தம் மட்டும் அதிகம் தரும். இல்லையென்றால் பிஎஸ்5-ஐப் பெட்டியில் வைத்துத் தூக்கி வாருங்கள். முகப்பு டிவியில் செருகிவிட்டால் ஒரு படைப்புக்குக் கூடுகிற அத்தனை அண்ணன் தம்பி பிள்ளைகளும் இரண்டு கன்ட்ரோலரை மாற்றி மாற்றிப் பிடித்து ஆடுவார்கள். அப்பத்தா வந்து ஆளுக்கு ஒரு அதட்டல் போடும் வரை ஓடும். பிசி முன்னால் அந்தக் கூட்டம் சேராது.

இரண்டிலும் ஆடிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மைக்ரோசாஃப்டில் 2016-இலிருந்து 'பிளே எனிவேர்' என்ற ஏற்பாடு உண்டு. அந்தப் பட்டியலில் இருக்கும் கேமை டிஜிட்டலாக ஒரு முறை வாங்கினால் அவர்களின் எக்ஸ்பாக்ஸ் கன்சோலிலும் பிசியிலும் ஆடலாம், விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். சோனி அப்படி இல்லை. பிஎஸ்5-இல் வாங்கிய 'ஸ்பைடர்மேன்' பிசியில் வேண்டுமென்றால் இன்னொரு முறை காசு. சேவ் செய்ததும் பொதுவாகக் கூட வராது.

பிசியில் ஆடவும் பிஎஸ்என் கணக்கு, அதாவது சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் கணக்கு, வேண்டுமோ என்ற பயம் இங்கே தேவையில்லை. 2024 மே மாதம் 'ஹெல்டைவர்ஸ் 2' ஆட அந்தக் கணக்கு கட்டாயம் என்று சொல்லி, கிளம்பிய எதிர்ப்பில் மூன்றே நாளில் பின்வாங்கினார்கள். பிஎஸ்என் சேவையே இல்லாத நாடுகள்தான் மாட்டிக்கொண்டன, இந்தியாவில் சேவை இருக்கிறது. 2025 ஜனவரியில் 'ஸ்பைடர்மேன் 2', 'ரக்னராக்' உட்படச் சில கேம்களுக்குக் கணக்கு விருப்பம் போல என்று தளர்த்தியும் விட்டார்கள்.

பிசி என்று முடிவெடுத்தவர்களுக்கு இரண்டு விஷயம். பிஎஸ்5-இன் டூயல்சென்ஸ் கன்ட்ரோலர் வாங்கினால் யுஎஸ்பி ஒயரில் செருகி ஆடுங்கள். புளூடூத்தில் அந்த அதிர்வும் டிரிகர் இறுக்கமும் பெரும்பாலான கேம்களில் வராது. அப்புறம், ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குள் ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். ஷேடர் கட்டும் நேரமும் அந்த இரண்டு மணியில்தான் சேரும். அதனால் ஷேடர் ஓடும்போது சாப்பிடப் போய்விடாமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருங்கள். மெஷின் தாங்கவில்லை என்று தெரிந்தால் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு என்னிடம் வாருங்கள், செட்டிங்கைப் பார்த்துச் சொல்கிறேன்.